அண்ணையின் ஸ்டேஷனில் நிற்கும் ரயில்

நியூசிலாந்தில், ஒக்லண்டில் எங்களுக்குத் தெரிந்த தமிழர்களிடம் ஒழுங்கான குளிர் கோட் ஒன்றுதான் இருக்கிறது. கருநீலம். தலைக்கு மூடி உண்டு. மூடியைச் சுற்றி நரிவால் மாதிரி ஒரு மயிர்ப்பட்டி. நெட்டையர் போட்டால் முழங்கால் வரை வரும், கட்டையர் போட்டால் கணுக்காலைத் தொடும். ஆண் பெண் என்று பார்ப்பதில்லை. இந்த ஊரில் மழை பெய்யும், காற்று அடிக்கும், வீட்டுச் சுவரெல்லாம் ஈரம் பிடிக்கும், ஆனால் பனி கொட்டாது. அதனால் அப்படி ஒரு கோட்டை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. டொரண்டோவில் செத்தவீடு, லண்டனில் கலியாணம், பாரிஸில் பெரியபிள்ளையான பெண்ணுக்குச் சாமத்தியவீடு என்று மார்கழி, தை மாதத்தில் யாராவது புறப்பட்டால் பாபகூராவில் இருக்கும் ஒரு அக்காவிடம் போய் அந்தக் கோட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். திரும்பி வந்ததும் கழுவிக் கொடுப்பார்கள்.

அந்தக் கோட்டை வாங்கப் போன இடத்தில்தான் நான் பொய் சொன்னேன். போன வருடம், பத்து வருடத்துக்கு முந்தி என்று இல்லை, இந்தக் கார்த்திகையில்தான். விஷயம் இன்னும் முடியவில்லை.

முதலில் அந்தக் கோட் எனக்கு எதற்கு என்று சொல்லவேண்டும்.

நான் ஒடாஹுஹுவில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறேன். பல வருடமாக அதே கடை. என்னோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரன் எங்காவது ஒரு கடலுக்கோ மலைக்கோ போகாமல் ஒரு வருடமும் விடமாட்டான். போய் வந்து மூக்குத் தோல் உரிந்து நிற்பான். ஒருநாள் சக்கரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தவன், “நீ ஹொலிடே போறதே இல்லை, மேட். நீ கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும்தான் போறாய்” என்றான். பகிடிக்குத்தான் சொன்னான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கையில் இருந்த நட்டுச் சாவியைத் தரையில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. என் பாஸ்போர்ட்டில் குத்தியிருக்கும் ஒவ்வொரு முத்திரைக்கும் பின்னால் ஒரு மணவறையோ ஒரு சவப்பெட்டியோ இருக்கிறது. சும்மா பார்ப்பதற்கென்று நான் ஒரு நாட்டுக்கும் போனதில்லை.

அன்றைக்கு வீட்டில் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் இங்கே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலிஷில் பதில் சொல்வாள். அவள் சொன்னதையெல்லாம் நான் தமிழிலேயே எழுதுகிறேன், இல்லாவிட்டால் இது பாதி இங்கிலிஷாகிவிடும்.

“அப்ப போவம். உண்மையான ஹொலிடே. ஸ்கீயிங்” என்றாள்.

அவள் சிநேகிதிகளோடு தெற்குத்தீவுக்குப் போய்ப் பனிச்சறுக்குப் பழகியவள். எங்கள் கடை பூட்டுவது தையில். தையில் இங்கே கோடை. பனி வேண்டுமென்றால் உலகத்தின் மற்றப் பக்கம் போகவேண்டும். அவள் மடிக்கணினியைத் திருப்பி ஆஸ்திரியாவில் ஒரு மலையூரைக் காட்டினாள். அந்த ஊரின் பெயரை என்னால் இன்னும் ஒழுங்காகச் சொல்ல வராது. மரத்தால் கட்டிய ஹோட்டல். கூம்பு வைத்த ஒரு தேவாலயம். அதற்குப் பின்னால் வெள்ளை மலை, அதில் எறும்பு மாதிரிச் சனங்கள்.

எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனது. சரிவு ஒன்றில் அவர்கள் ஒரு கேமரா பூட்டி வைத்திருக்கிறார்கள், எந்த நேரமும் பார்க்கலாம். நான் சாப்பாட்டு இடைவேளையில் டயர்க் குவியலுக்குப் பின்னால் இருந்து போனில் அதைப் பார்ப்பேன். அப்போது அங்கே கோடை. பச்சைப் புல்லும் மாடுகளும்தான் தெரியும். பனி இல்லாத பனிமலையை, மாடு மேய்வதை, ஐம்பது தாண்டிய ஒருவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, “பசு வாங்கப் போறியோ?” என்றான்.

மகள் என்னையும் மனைவியையும் ஊருக்கு வடக்கே இருக்கும் உள்ளரங்குப் பனிக்கூடத்துக்குப் பழகக் கூட்டிப்போனாள். அந்தப் பனிச்சறுக்குச் சப்பாத்தைப் போட்டால் மனிதன் நடப்பது மாதிரி நடக்க ஏலாது. நான் நின்ற இடத்திலேயே விழுந்தேன். எழும்பினேன், விழுந்தேன். ஐந்து வயதுப் பிள்ளைகள் என்னைச் சுற்றி வளைந்து போனார்கள். ஒரு சின்னப் பெண் நின்று, முழங்காலை மடக்கு என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள். மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அவள் சொல்றதைக் கேளுங்கோவன்” என்று சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கனகாலம் கண்டதில்லை. அன்றைக்குக் கார் ஓட்டி வரும்போது, எப்படியும் போகத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

பிறகு மகள் வழியைக் காட்டினாள். சுவிஸில், சூரிச்சில் விமானம் இறங்கும். அங்கேயிருந்து ரயில். திரையில் ஒரு கோடு கிழக்கே போனது. ஆஸ்திரியாவுக்குள் போவதற்கு முன்னால் எல்லையில் ஒரு ஸ்டேஷன். அங்கே எஞ்சினைக் கழற்றி மற்றப் பக்கத்தில் பூட்டுவார்களாம், அதனால் ரயில் கொஞ்ச நேரம் நிற்குமாம்.

அந்த ஸ்டேஷன் என் அண்ணையின் ஊர்.

எனக்கு அது முதலே தெரிந்திருக்கவேண்டும். தெரியவில்லை என்று சொன்னால் பாதிப் பொய். அண்ணை முப்பது வருடத்துக்கு மேலாக அங்கே இருக்கிறார். ஆஸ்பத்திரி ஒன்றில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. அப்பா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். எங்கள் ஆட்களில் யாரும் ஐரோப்பாவுக்குப் போய், சொந்த அண்ணன் இருக்கிற ஊரைத் தாண்டிப் போய், ஹோட்டலில் படுப்பதில்லை. அப்படி ஒரு பழக்கமே கிடையாது. படுத்தால் அது ஒரு செய்தி. ‘தம்பி வந்தவனாம், தமையன் வீட்டுப்படி மிதிக்கேல்லையாம்’ என்று நாலு நாட்டில் பேச்சு வரும். ஏதோ சண்டை என்று அர்த்தம்.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. நான் அவரிடம் சொல்ல விரும்பவில்லை, அவ்வளவுதான். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். போன முறை அவர் மகளின் கலியாணத்துக்குப் போனபோது, தினமும் என்னைச் சப்பாத்துப் போட வைத்து வீடு வீடாகக் கூட்டிப்போனார். இது என்ர தம்பி, நியூசிலாந்து. ஒவ்வொரு வீட்டிலும் கேக், பற்றீஸ், தேத்தண்ணி. அது போகட்டும். இரவு அவரும் அண்ணியும் தங்கள் கட்டிலை எங்களுக்குத் தந்துவிட்டு சோபா போட்ட ஹோலில் நிலத்தில் படுத்தார்கள். அவர் குறட்டை விடுகிறவர். எங்கள் நித்திரை குழம்பக்கூடாது என்று குறட்டை விடாமல் படுக்கப் பார்த்தார். பாதி இரவும் முழித்திருந்தார் என்று அண்ணி பிறகு சொன்னார். அந்தக் கட்டிலில் படுத்தால் எனக்கு வயது பத்து ஆகிவிடுகிறது. ஒருமுறை, ஒரேயொரு முறை, யாருடைய கட்டிலையும் பறிக்காமல் ஒரு வளர்ந்த மனிதனாக அந்த நாட்டுப்பக்கம் போய்வர விரும்பினேன்.

இது காரணம். நியாயம் இல்லை. எழுதும்போதே தெரிகிறது.

“அண்ணையிட்ட சொல்லவேண்டாமே?” என்று மனைவி கேட்டாள்.

“சொன்னால் ஸ்கீயிங் இல்லை. இடியப்பமும் சம்பலும்தான். யோசிச்சுப் பார்.”

“அந்த ரயில் அவையின்ர ஸ்டேஷனில நிக்குமே. நிக்கேக்க என்ன செய்வியள்?”

“தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு இருப்பன்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. ஆனால் வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை. ஒரு கிழமை வெங்காயம் உரிக்காமல் இருக்க அவளுக்கும் ஆசை இருந்தது.

மகளிடம் இதை மறைத்துவை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. தகப்பன் இப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்தேன். அது நான் விட்ட பிழை.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை கோட் வாங்கப் பாபகூராவுக்குப் போனேன். அந்த அக்கா மன்னார்ப் பக்கம். முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லை. நான் போனபோது கோட்டை முதலே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உள்துணியில் எங்கேயோ பிரிந்திருந்ததைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சோசரில் கோட் பையிலிருந்து எடுத்தவை கிடந்தன. ஒரு பெப்பர்மிண்ட். கலியாணவீட்டில் கொடுக்கும் சீனி பூசிய பாதாம் ஒன்று. யாரோ ஒரு கிழவரின் படம் போட்ட நினைவு அட்டை.

“இருங்கோ தம்பி. ஆற்ற கலியாணம்?” என்றார்.

“கலியாணம் இல்லை அக்கா.”

ஊசி நின்றது. “அப்ப? ஆருக்கும் ஏதுமோ?”

‘ஹொலிடே’ என்ற சொல் என் வாய்க்குள்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம். வானம் இடிந்து விழுந்திருக்காது. ஆனால் அவர் மடியில் கிடந்த அந்தக் கோட்டைப் பார்த்தேன், சோசரில் கிடந்த அட்டையைப் பார்த்தேன். இதைப் போட்டுக்கொண்டு சறுக்கி விளையாடப் போகிறேன் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்றும் தெரியும். ‘அப்ப அண்ணையிட்டையும் போவியள்தானே?’

“அண்ணைக்குக் கொஞ்சம் சுகமில்லை” என்றேன்.

“ஐயோ, யேசுவே. என்ன வருத்தம்?”

நான் பேசாமல் கையை நெஞ்சில் வைத்துக் காட்டினேன்.

அவர் கோட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழும்பிப் போய் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார். செபமாலையை எடுத்தார். என்னை முழங்காலில் இருக்கச் சொன்னார். அவர் ஒரு பாதி சொல்ல நான் மற்றப் பாதி சொன்னேன். அண்ணை என்ன செய்கிறாரோ தெரியாது, நான் பாபகூராவில் கம்பளத்தில் முழங்காலில் நின்று அவருடைய நெஞ்சுக்காக மன்றாடிக்கொண்டிருந்தேன்.

போகும்போது கோட்டை என் தோளில் போட்டுவிட்டு, “அவருக்கு முகத்தைக் காட்டினாலே பாதி வருத்தம் போயிடும்” என்றார்.

எங்களுக்கு மாதத்தில் ஒரு தமிழ்ப் பூசை. அடுத்த பூசையில் விசுவாசிகளின் மன்றாட்டு வந்தது. வாசிக்க எழும்பிய பெண், மழைக்காக, சமாதானத்துக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக என்று வாசித்துக்கொண்டு வந்து, சுவிஸில் இருதய நோயால் வருந்தும் எங்கள் சகோதரர் ஒருவருக்காக என்று அண்ணையின் பெயரை வாசித்தார். கோயில் முழுக்க ஒரே குரலில், ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. மனைவி என் காலை மிதித்தாள். நானும் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். சொல்லாமல் இருந்தால் பக்கத்தில் நிற்பவர் பார்ப்பார்.

பூசை முடிய மண்டபத்தில் தேத்தண்ணி. அங்கேதான் தேன் வரத் தொடங்கியது. மானுகா தேன். இந்த நாட்டில் எதற்கும் அதைத்தான் கொடுப்பார்கள். கண்ணாடிப் போத்தல், பிளாஸ்டிக் டப்பா, கடதாசி சுற்றியது. ‘நெஞ்சுச் சளிக்கும் நல்லம், இருதயத்துக்கும் நல்லம், காலமை வெறும் வயித்தில குடிக்கச் சொல்லுங்கோ.’ ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்கே வந்து தந்துவிட்டுப் போனவர்களும் உண்டு. குசினி மேசையில் அவை வரிசையாக நின்றன. பக்கத்தில் மகள் வாங்கி வைத்த பனிச்சறுக்குக் கண்ணாடிகள்.

“இதெல்லாம் யாருக்கு?” என்று அவள் கேட்டாள்.

“பெரியப்பாவுக்கு” என்று மனைவி சொன்னாள். அது பொய் இல்லைத்தானே.

“நைஸ்” என்றுவிட்டு அவள் போய்விட்டாள். அவளுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. ஏன் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அடுத்த கிழமை கடைக்கு ஒரு தமிழர் கார் கொண்டுவந்தார். பூசையில் காண்பவர். முன் டயர் இரண்டும் தேய்ந்திருந்தன. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க அவர் மேலே நின்று சொன்னார்: “என்ர சகலன் சுவிஸிலதானே. உங்கட அண்ணைக்குப் போன் எடுத்துக் கதைச்சவனாம். குரலே எழும்பேல்லையாம். ‘ஓம், நெஞ்சுக்க ஏலாமல் கிடக்கு, தம்பி பாக்க வாறான்’ எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வைச்சிட்டாராம்.”

நான் நிமிரவில்லை. நிமிர ஏலவில்லை. நான் வாயால் சொன்னது அண்ணையின் உடம்பில் போய் ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். படித்தவர்கள் சிரிப்பார்கள். அன்றைக்கு அந்த ரப்பர் மணத்துக்குள் குந்தியிருந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லாயிருந்த மனிதனை நான் வருத்தக்காரன் ஆக்கிவிட்டேன். அவருடைய காருக்கு நட்டுப் பூட்டியதை வெள்ளைக்காரனை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றாமலே போனை எடுத்தேன். அங்கே அப்போது காலை. அண்ணிதான் எடுத்தார்.

“அண்ணி, அண்ணை எங்கை?”

“கீழ நிக்கிறார். சைக்கிளுக்குக் காத்தடிக்கிறார். வேலைக்கு நேரமாச்சு. ஏன் தம்பி?”

“சுகமாத்தானே இருக்கிறார்?”

“சுகமோ? ராத்திரி புட்டைத் திண்டுபோட்டு, இன்னும் இருக்கோ எண்டு சட்டியைத் திறந்து பாத்தவர்.”

எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்த கையோடு கோபமும் வந்தது. “அப்ப ஏன் சுகமில்லை எண்டு ஆக்களுக்குச் சொல்றார்?”

அண்ணி யன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணி சொன்னார்: “தம்பி, அவர் சொல்லவேண்டாம் எண்டவர். எனக்கு வாயை வைச்சுக்கொண்டு இருக்க ஏலாது. நீங்கள் ஸ்கீயிங் போறது எங்களுக்கு ஆவணியிலயே தெரியும்.”

மகள் அவர்களுடைய மகனுக்கு எழுதியிருக்கிறாள், எந்தச் சப்பாத்து நல்லது, எந்தச் சறுக்குப் பள்ளியில் சேர்ந்தால் அப்பா அம்மாவுக்குப் பழக்குவார்கள் என்று. அந்த ஹோட்டலைத் தேடிப் பிடித்ததே அவன்தான். சனிக்கிழமை வந்து எங்களுக்குச் சறுக்கக் காட்டிக்கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறான். பிள்ளைகளுக்குள் எல்லாம் வெளிச்சம். பெரிய மனிதர்கள் நாங்கள்தான் இருட்டுக்குள் நின்றிருக்கிறோம்.

“அண்ணை ஒண்டும் கேக்கேல்லையே” என்றேன்.

“எப்பிடிக் கேப்பார்? ‘தம்பி சொல்லுவான், தம்பி சொல்லுவான்’ எண்டு ஒவ்வொரு ஞாயிறும் போனுக்குப் பக்கத்தில இருந்தவர். நீங்களும் எடுத்தியள். மழை எண்டியள், டயர் விலை ஏறிப்போச்சு எண்டியள். வைச்சிட்டியள்.”

அது அப்படியே நடந்ததுதான். ஒவ்வொரு ஞாயிறும்.

“பேந்து ஒருநாள் ரயில் நேரத்தைப் பாத்துக்கொண்டு இருந்தார். என்னப்பா எண்டு கேட்டன். அந்த ரயில் இஞ்ச கொஞ்ச நேரம் நிக்கும், நான் போய் பிளாட்போமில தூணுக்குப் பின்னால நிண்டு பாத்திட்டு வாறன், அவன் என்னைக் காணத் தேவையில்லை எண்டார்.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். நான் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ரயிலுக்குள். அவர் தூணுக்குப் பின்னால். கட்டிலைத் தந்த மனிதன்.

அண்ணி நிறுத்தவில்லை. “இப்ப இந்த வருத்தக் கதை. கனடாவில இருந்து எடுக்கினம், பாரிஸில இருந்து எடுக்கினம். முதல் ஆளுக்கு, அப்பிடி ஒண்டுமில்லை எண்டு சொல்ல நான் வாயெடுத்தன். அவர் போனைப் பறிச்சுப்போட்டார். ஓம், நெஞ்சுக்க ஏலாது எண்டு குரலைத் தாழ்த்திக் கதைக்கிறார். நான் ஏசினன். ‘அவன் அங்க ஏதோ சொல்லிப்போட்டான். அவனை நாங்கள் தெருவில விடுறதோ’ எண்டார். ரெண்டு கிழமையாக் கோயிலுக்குப் போகேல்லை. தமிழ்க் கடைக்குப் போகேல்லை. ஆரும் கண்டால், ஆள் நல்லாத்தானே இருக்கிறான் எண்டு சொல்லிப்போடுவினமாம். வேலைக்கும் பின்தெருவாலதான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போறார். நேற்று ஒராள் சூப் கொண்டு வந்தவர். கட்டிலில போய்ப் படுத்திட்டார், சப்பாத்தோட.”

பின்னால் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. “ஆரடி?” என்று அண்ணையின் குரல். “உங்கட தம்பி” என்றார் அண்ணி. போன் கை மாறியது.

“தம்பி...” என்றார், சாகக் கிடக்கிற மனிதன் மாதிரி. “ஆர்... தம்பியோ...”

“அண்ணை, விடுங்கோ. அண்ணி எல்லாம் சொல்லிப்போட்டா.”

“அவளுக்கு வாய் நிக்காது” என்றார் சாதாரணக் குரலில். பிறகு, “ஏன்ரா நெஞ்செண்டனீ? முழங்கால் எண்டு சொல்லியிருக்கலாமே. முழங்கால் எண்டால் நொண்டி நொண்டியாவது கோயிலுக்குப் போயிருப்பன். நெஞ்செண்டு சொல்லி என்னை வீட்டுக்க பூட்டிப்போட்டாய்.”

அவர் சிரித்தார். அவர் ஏசியிருந்தால் நல்லதாக இருந்திருக்கும். நான் ஏச்சு வாங்கிப் பழகியவன். சிரிப்பு வாங்கத் தெரியாது.

“ஸ்கீயிங் வேண்டாம். நாங்கள் நேரா உங்களிட்டயே வாறம்” என்றேன்.

“விசரே? பிள்ளை ஆசையாப் பிடிச்ச இடம். எங்கட பெடியன் லீவும் போட்டிட்டான்.”

“அப்ப முதல் உங்களிட்ட வந்திட்டுப் போறம். ஆனா நான் ஹோலிலதான் படுப்பன். கட்டிலில நீங்கள் படுக்கவேணும். ஓமெண்டால் வாறன்.”

“வீட்டுக்கு வாற ஆளை ஹோலில படுக்க விடுறதோ?”

“நான் என்ன வெளி ஆளோ, அண்ணை?”

சைக்கிள் பம்பை எங்கேயோ வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“வாசலில நிக்கிற ரயிலில, இறங்காமல் போவம் எண்டு நினைச்சனீ. அப்ப நீ ஆர்?”

“அண்ணை...” என்றேன்.

“வேலைக்கு நேரமாச்சு” என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு எடுத்தேன். அண்ணி எடுத்து, குளிக்கிறார் என்றார். அதற்கு அடுத்த ஞாயிறும் எடுத்தேன். நித்திரை என்றார். அண்ணை பகலில் நித்திரை கொள்கிற மனிதன் இல்லை.

நான் கோபக்காரன். கோபம் வந்தால் எதையாவது உடைத்து, யாரையாவது ஏசி, அன்றைக்கே முடித்துவிடுவேன். இந்த வெட்கத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பாபகூரா அக்காவிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று ஒருநாள் காரை எடுத்தேன். தெற்கு மோட்டார்வேயில் பாதித் தூரம் போயிருப்பேன். அப்போதுதான் உறைத்தது. நான் உண்மையைச் சொன்னால் பொய்காரன் நான் மட்டும் இல்லை. நாலு நாட்டுக்குக் குரலைத் தாழ்த்திச் சொன்ன அண்ணையும்தான். அவர் என்னை மறைத்த மறைப்பில் என் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டார். காரைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அடுத்த பூசையிலும் பெயர் வாசித்தார்கள். கோயில் மறுபடி ஒரே குரலில் கேட்டது. மண்டபத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப எப்பிடி இருக்கிறார்?”

“பரவாயில்லை அக்கா. வேலைக்கும் போறார்.”

“பாத்தியளே! மாதா கைவிடமாட்டா. நீங்கள் போய் வந்து சொல்லுங்கோ. நன்றிப் பூசை ஒண்டு வைப்பம்.”

என் கையில் இன்னொரு தேன் போத்தலை வைத்தார். நான் வாங்கினேன். நன்றி என்று சொன்னேன். அந்த நன்றிப் பூசைக்கும் நான் போய் முன்வரிசை வாங்கில் நிற்கத்தான் வேண்டும்.

மகளிடம் கடைசியில் நானே சொன்னேன். குசினியில் நின்றுகொண்டு, முழுவதும். தொப்பியையும் சொன்னேன். அவள் சிரிப்பாள், அல்லது கத்துவாள் என்று நினைத்தேன். அவள் மடிக்கணினியை மூடிவிட்டு, “சொல்லியிருந்தால் பெரியப்பா சந்தோஷப்பட்டிருப்பார். அவ்வளவுதானே இருந்தது” என்றாள்.

“உனக்கு விளங்காது.”

“எனக்கு விளங்கவேண்டாம்” என்றாள். பிறகு மறுபடி திறந்து ஹோட்டலில் முதல் மூன்று இரவையும் வெட்டினாள். அந்த எல்லை ஸ்டேஷனில் இறங்குவதாக டிக்கெட்டை மாற்றினாள். என்னிடம் கேட்கவில்லை. பெரியப்பாவின் மகனுக்கும் அப்போதே எழுதினாள்.

அதற்குப் பிறகும் அண்ணையிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. நான் ஞாயிறுகளில் எடுத்துக்கொண்டிருந்தேன், அண்ணி காரணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருமுறை காரணம் முடிந்துபோய், “இஞ்சதான் இருக்கிறார் தம்பி, கதைக்கிறார் இல்லை” என்றே சொன்னார். ‘வாறம் எண்டு மட்டும் சொல்லுங்கோ’ என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

நேற்று மகள் வேலை முடிந்து வந்து போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். பெரியப்பாவின் மகன் அனுப்பிய படம். அண்ணை வீட்டு ஹோல். சோபாவை யன்னலோடு தள்ளி வைத்திருக்கிறார்கள். நிலத்தில் இரண்டு மெத்தை, பக்கத்தில் பக்கத்தில், ஒன்றுக்குப் பச்சைப் போர்வை, மற்றதுக்கு நீலம். இரண்டிலும் தலையணை. நாங்கள் போக இன்னும் கனநாள் இருக்கிறது. நடக்க இடமில்லாமல் இப்போதே விரித்துப் போட்டிருக்கிறார். படத்தின் கீழே அவர் மகன் எழுதியிருந்தான்: “அறை பெண்களுக்காம். இங்கே அப்பாவும் சித்தப்பாவுமாம். அப்பா இந்த முறை குறட்டை விடப்போகிறாராம்.”

நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிறிதாக்கிப் பார்த்தேன். மகள் போனைத் திரும்பக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை.

அவர் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. என் பெட்டியும் இப்போதே தயாராக இருக்கிறது. தேன் போத்தல்களுக்கு இடம் விட்டதில் என் பனிக் கண்ணாடிக்கு இடமில்லை, அதை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். கோட் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. தொப்பியை மனைவி எங்கேயோ ஒளித்துவிட்டாள், நானும் தேடவில்லை. ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்பதற்கு முன்பே நான் எழும்பிக் கதவடியில் நிற்கவேண்டும். அவர் தூணுக்குப் பின்னால் போவதற்கு முன்னால் இறங்கவேண்டும்.